எண்ணெய் மட்டும் வரக் கூடாதாம்

அந்த வடையைப் பேப்பரில் வைத்து அமுக்காதீர்கள் சார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத ஆள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழக்கம்தான். ஆனால் அமுக்காதீர்கள். வடையில் இருக்கிற எண்ணெய் பேப்பருக்குப் போகிறது என்று நீங்கள் நம்புகிறீர்கள். பேப்பரில் இருக்கிற மை வடைக்கு வருவதை யாரும் பார்ப்பதில்லை. இந்தா பாருங்கள், 'மணமகள் தேவை' விளம்பரம் அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி வடை மேல் இறங்கியிருக்கிறது.

சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள். வாங்கியாயிற்று. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேன் காலில் இடிக்கிறதா? என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். அஞ்சு லிட்டர். கடலெண்ணெய். மரச்செக்கில் என் கண் முன்னாலேயே ஆட்டி வாங்கியது. மூடியைத் திறந்தால் பஸ் முழுக்க மணக்கும். திறக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

நீங்கள் விருதுநகர் வரைக்குமா? நான் ஆமத்தூரில் இறங்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, திருத்தங்கல், அப்புறம் என் ஊர். என் ஊர் என்றால் என் மதினியின் ஊர். எங்கள் அண்ணனுக்கு இன்றைக்கு முதல் வருஷத் திதி. மதினி தன் பிறந்த வீட்டில் வைத்துப் படையல் போடுகிறார்கள். நான் ஷிஃப்ட் முடிந்து, முகம் கழுவி, சட்டை மாற்றி, நேரே பஸ் ஏறிவிட்டேன். சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டுகிற துணி வெளுக்கிற ஆலை இருக்கிறது. அதில் பாய்லர் பார்க்கிறேன். இருபத்து நாலு வருஷமாக ராத்திரி வேலைதான். நானே கேட்டு வாங்கிக்கொண்டது. பகலில் வேலை பார்க்கிறவனிடம் எல்லாரும் பேச வருவார்கள். ராத்திரியில் பாய்லர் மட்டும்தான் பேசும். அதுவும் உஸ் என்பதோடு சரி.

நேற்று அண்ணன் மகள் முத்துஜோதி போன் பண்ணினாள். "சித்தப்பா, அம்மா சொல்லச் சொன்னாங்க. நீங்க திதிக்கு வரலாமாம். எண்ணெய் மட்டும் வரக் கூடாதாம்."

கேட்டீர்களா சார்? ஆள் வரலாம். எண்ணெய் வரக் கூடாது. சாராயம் கொண்டுவரக் கூடாது என்று சொன்னால் நியாயம். பகையாளியைக் கூட்டிவரக் கூடாது என்று சொன்னாலும் நியாயம். கடலெண்ணெய் என்ன சார் பாவம் பண்ணியது?

அதனால்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். சொன்னதனாலேயே எடுத்துக்கொண்டு போகிறேன். மூணு லிட்டர்தான் கொண்டுபோவதாக இருந்தேன். போன் வந்ததும் அஞ்சாக்கினேன்.

எங்கள் வழக்கத்தில் ஒன்று இருக்கிறது. திதிப் படையலில் செத்தவருக்கென்று போட்ட இலையைக் கூடப்பிறந்தவன்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. அண்ணனுக்குக் கூடப்பிறந்தது நான் ஒருத்தன்தான். மதினி அதையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "கைய வீசிட்டு வந்தா அந்த இலை அவருக்கு. எண்ணெயோட வந்தா எந்தம்பிய உக்கார வச்சிருவேன்னு சொல்லு." மதினியின் தம்பி! எங்கள் அண்ணனைக் கல்யாணத்தில் ஒரு தரம், சாவில் ஒரு தரம் பார்த்தவன். அவன் என் அண்ணன் இலையில் உட்காருவானாம்.

உட்காரட்டும் பார்ப்போம்.

முதலிலிருந்து சொல்கிறேன். சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அது வேறு கதை, அதில் எண்ணெய் கிடையாது. அண்ணன் கனகவேல், மதினி ராஜகனி, முத்துஜோதி, நான், நாலு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி விரலெல்லாம் காய்ப்பு. உட்கார்ந்த வேலை, ஊறிய உடம்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மதினி எண்ணெய்ச்சட்டி வைக்க வேண்டும். உளுந்த வடை, பருப்பு வடை, அப்பளம், வற்றல், எதையாவது பொரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த மாதிரியே இருக்காது.

மதினி கை வடைக்கு ஒரு சத்தம் இருக்கும் சார். வாயில் வைத்தால் அடுத்த அறையில் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்கு எந்தச் சத்தமும் எரிச்சல்தான். அந்தச் சத்தத்துக்கு மட்டும் நானே எழுந்து போவேன்.

இது ஸ்ரீவில்லிபுத்தூர். வேண்டாம்பா, பால்கோவா வேண்டாம். சொன்னால் கேட்க மாட்டான், ஜன்னல் வழியாகவே கையை நீட்டுகிறான். உங்களுக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எண்ணெய் இல்லை, நெய்தான். அதைப் பற்றி நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.

ஆமாம், படிப்பு. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. ஆலையில் துணிக் கட்டைச் சுற்றுவதற்கு எடைக்கு வாங்கின பழைய பேப்பர் வரும். பாய்லர் பக்கத்தில்தான் இறக்குவார்கள். எனக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் அந்தப் பழைய பேப்பரில்தான் படித்தேன். அரசியல் படிக்க மாட்டேன், அது ஆறு மாசம் கழித்துப் படித்தால் சிரிப்பாக இருக்கும். மருத்துவப் பக்கம் படிப்பேன். பிடித்ததை வெட்டி நோட்டில் ஒட்டுவேன். இதயத்துக்கு ஒரு நோட்டு, சர்க்கரைக்கு ஒரு நோட்டு, எண்ணெய்க்கு இரண்டு நோட்டு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ரத்தம் பரிசோதித்த காகிதத்தைக் கொண்டுவந்து சாப்பிடுகிற இடத்தில் போட்டுவிட்டுப் போனார். நான் எடுத்துப் பார்த்தேன். கொழுப்பு கூட. சர்க்கரை கூட. மாத்திரை எழுதியிருந்தார்கள். அண்ணனிடம் கேட்டேன். "என்னண்ணே இது?" "அது அந்த லேப்காரன் கையெழுத்துடா, அழகா இருக்குல்ல" என்றார். அப்படித்தான் பேசுவார்.

நான் நேரே அடுப்படிக்குப் போனேன். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளி. பொரித்து மிஞ்சின எண்ணெயை வடிகட்டி அதில்தான் வைத்திருப்பார்கள் மதினி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன் மேலேயே புது எண்ணெய் ஊற்றிப் பொரிப்பது. நடுவில் தாளிப்புக்கும் அதுதான். திறந்து பார்த்தால் கறுப்புக் காப்பி மாதிரி இருந்தது. அதிலும் ரேஷன் பாமாயில்.

"மதினி, இதுதான் அண்ணனக் கொல்லப் போகுது" என்றேன்.

மதினி கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அப்பிடியா தம்பி. இருபது வருசமா இதத்தான் தின்னுட்டு நீங்களும் பாய்லர் பாக்கப் போறீக."

பொம்பிளை புழங்குகிற அடுப்படியில் ஆம்பிளை நுழையலாமா என்று கேட்பீர்கள். ஏன் நுழையக் கூடாது? தின்கிறவனுக்குப் பேச உரிமை இல்லையா? மாசா மாசம் எண்ணெய் நான் வாங்கிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மதினி, "வாங்கிப் போடுங்க, யாரு வேணாங்கா" என்றார்கள். அதைச் சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் சூரியகாந்தி வாங்கினேன். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். நாலு மாசம் கழித்துப் படிக்கிறேன், செடியில் விளைகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாதாம். தண்ணீர்ப் பாட்டிலில் 'முள் இல்லை' என்று எழுதி விற்கிற மாதிரி! நிறுத்தினேன். அடுத்தது தவிட்டெண்ணெய். அதற்கு நல்லபடியாக எழுதியிருந்தார்கள். பிறகு நல்லெண்ணெய், அதில் வடை கசந்தது. நடுவில் தேங்காயெண்ணெய் விஷம் என்று ஒரு பேப்பர், அமுதம் என்று ஒரு பேப்பர். எது முந்தின பேப்பர், எது பிந்தின பேப்பர் என்று தேதி பார்க்கலாம் என்றால் எடைக்கு வந்த பேப்பரில் மேல்பக்கம் கிழிந்திருக்கும். பேப்பர்க் கட்டுக்கு மேலே எது இருந்ததோ அதைப் பின்பற்றினேன். வேறு என்ன செய்ய?

மதினி சொன்னார்கள். "மாசத்துக்கு ஒரு எண்ணெய். எந்தச் சட்டிக்கு எந்த எண்ணெய்யின்னு எனக்கே மறந்துபோச்சு. நான் சமைக்கனா, பரீட்சை எழுதுறனா?"

கடைசியில் மரச்செக்குக் கடலெண்ணெயில் வந்து நின்றேன். சுத்தம். மணம். மருந்து கலக்காதது. அதிலிருந்து மாறவே இல்லை. ஆனால் பாருங்கள், செக்கு எண்ணெயை ரொம்பக் காயவிடக் கூடாது. சீக்கிரம் புகைந்துவிடும். புகைந்தால் கெட்டது. நான் பாய்லர்காரன், எனக்குச் சூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆலையில் கழற்றிப் போட்ட ஒரு தெர்மாமீட்டர், முள் வைத்தது, நீளக் கம்பி உள்ளது, நன்றாக வேலை செய்யும். தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து எண்ணெய்ச்சட்டியில் விட்டேன். நூற்று ஐம்பதைத் தாண்டினால் அடுப்பைக் குறைக்க வேண்டும். இதுதான் விதி.

மதினிக்கு ஒரு வழக்கம் உண்டு. துளி மாவைக் கிள்ளிப் போடுவார்கள். அது கீழே போய் உடனே மேலே வந்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று கணக்கு. அன்றைக்கு மாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "போடலாமா டாக்டர்?" என்று கேட்டார்கள். அண்ணன் வாசலிலிருந்து சிரிக்கிறார். "ஏ ராஜகனி, வடைக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்கான்டி!"

சிரிக்கட்டும். சூடு போதாமல் வடை எண்ணெய் குடித்தது, நான் மறைக்கவில்லை. கையில் எடுத்தால் வழியும். சத்தம் போய்விட்டது. அண்ணன் ஒவ்வொரு வடையையும் பேப்பரில் வைத்து அமுக்கி அமுக்கித் தின்பார். நீங்கள் இப்போது செய்தீர்களே, அதே மாதிரி. "டேய், இன்னைக்கு வடையில பெட்ரோல் விலை ஏறியிருக்குடா, படிச்சியா?" என்று எனக்குக் காட்டுவார். நான் அதற்கும் சொன்னேன், மை கெடுதல் என்று. அப்புறம் ஆளுக்கு இரண்டு வடை என்று வைத்தேன். அப்புறம் மாசத்துக்கு இரண்டு ஞாயிறு என்று குறைத்தேன்.

அண்ணன் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை சார். ஒரே ஒரு தரம் சொன்னார். "ஞானவேலு, நீ பாய்லரப் பாரு. என் வாயப் பாக்காத." அதோடு சரி. அதன் பிறகு சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வர ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷம். நடப்பது இதயத்துக்கு நல்லது என்று முதல் நோட்டிலேயே ஒட்டியிருக்கிறேன்.

சிவகாசி வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். இறங்கி டீ குடிக்கிறீர்களா? இல்லையா? அப்படியானால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மிச்சம் என்றாலே எங்கள் வீட்டில் வில்லங்கம்தான்.

பொரித்து மிஞ்சின எண்ணெய் சார். எல்லா நோட்டிலும் எல்லாப் பேப்பரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு தடவை பொரித்ததைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. நல்ல எண்ணெயும் அதில் கெட்டுப்போகும். ஆகவே தூக்குவாளியை அடுப்படியிலிருந்து எடுத்தேன். "இனிமே மிச்சம் வைக்கக் கூடாது மதினி."

"பெறகு?"

"கொட்டிருங்க."

மதினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அரைச் சட்டி எண்ணெய். செக்கில் ஆட்டினது. பொன் மாதிரி இருக்கிறது. ஒரு தரம் சாக்கடையில் கொட்டினோம். தண்ணீர் அடைத்துக்கொண்டது, தெருவே சண்டைக்கு வந்தது. இன்னொரு தரம் முருங்கை மரத்து அடிமூட்டில் கொட்டினோம், எறும்பு வந்து மரத்தையே மூடிவிட்டது. "தாளிப்புக்கு வச்சுக்கிறேன் தம்பி, ஒரு வாரத்துல தீந்துரும்" என்றார்கள் மதினி. நான் விடவில்லை. விதி என்றால் விதி.

ஆனால் கொட்டவும் மனசு வரவில்லை. நீங்களாயிருந்தால் கொட்டுவீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். எத்தனை நிலக்கடலை நசுங்கி வந்தது அது.

எங்கள் தெரு முக்கில் ராமசுப்பு என்று ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் வடை, பஜ்ஜி போடுவார். அவர் போடுகிற எண்ணெயைப் பார்த்தால் நம் பைக் இன்ஜினுக்கு ஊற்றக்கூடத் தயங்குவோம். எனக்கு ஒரு யோசனை. அந்தக் கறுப்பு எண்ணெய்க்கு நம்முடைய ஒரு தடவை பொரித்த செக்கு எண்ணெய் எவ்வளவோ மேல் அல்லவா? ஊருக்கும் நல்லது, எண்ணெயும் வீணாகாது. தூக்குவாளியில் ஊற்றி நானே எடுத்துக்கொண்டு போனேன். "ராமசுப்பு, இத ஒரு தடவதான் உபயோகிக்கணும், சத்தியம் பண்ணு" என்றேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "அண்ணே, என்னா வாசம்! சத்தியம்ண்ணே" என்றார்.

எண்ணெய்ச்சட்டி வைத்த ஞாயிறெல்லாம் நான்தான் கொண்டுபோனேன். நாலு வருஷம். இந்தக் கையால்.

ராமசுப்பு கடையில் கூட்டம் கூடிவிட்டது. 'செக்கு எண்ணெய்ப் பலகாரம்' என்று ஒரு அட்டைகூட எழுதித் தொங்கவிட்டார். எனக்குப் பெருமை. ஒரு தெருவையே திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். அவர் அதை ஒரு தடவை காய்ச்சினாரா, ஒன்பது தடவை காய்ச்சினாரா என்று போய்ப் பார்த்தேனா? பார்க்கவில்லை. சாயங்காலம் நான் ஆலைக்குக் கிளம்புகிற நேரம். எப்படிப் பார்ப்பது? சொல்லுங்கள், எப்படிப் பார்ப்பது?

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், தூசி.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை. அண்ணன் கடையில் காயில் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே மோட்டார் மேல் சாய்ந்துவிட்டார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சட்டைப் பையில் செம்புக் கம்பித் துண்டு இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

டாக்டரிடம் நான் கேட்டேன் சார். "எண்ணெயால வந்ததா சார்?" என்று கேட்டேன். எந்த எண்ணெய், எத்தனை வருஷம், என்ன சூடு, எல்லாம் சொன்னேன். அவர் அண்ணனுடைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு மாசமா மாத்திரையே வாங்கலியே இவரு. சர்க்கரை வேற. எண்ணெய் எண்ணெயின்னு ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்றார். இதைக் கவனியுங்கள். மாத்திரை வாங்கவில்லை. டாக்டரே சொன்னது. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நான் கேட்டதில்லைதான். மாத்திரையைப் பற்றி என்னிடம் நோட்டு இல்லை.

பதினாறாம் நாள் காரியம். ராமசுப்பு வந்தார். கையில் எங்கள் தூக்குவாளி. நான் கடைசியாகக் கொண்டுபோய்க் கொடுத்தது, அவர் கடையிலேயே இருந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க வந்தார். பந்தல் நடுவில் நின்று அழுகிறார். மதினி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அண்ணன் டெய்லி ஆறு மணிக்கு வந்துருவாரும்மா. நாலு வடை. ஒரு நாள் தப்பினதில்ல. மொதல்ல நான்கூடக் கேட்டேன், 'வீட்ல தம்பி ஏச மாட்டாரா'ன்னு. 'ஏன் ஏசுறான்? இது எங்க வீட்டு எண்ணெய்ப்பா. எந்தம்பி சொமந்துட்டு வந்து ஊத்துனது. நான் எங்க வீட்லதான் திங்கேன், உங் கடையில உக்காந்து திங்கேன், அவ்வளவுதான்'னு சிரிப்பாரும்மா."

மதினி எழுந்து வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே பார்த்தார்கள். அடியில் கொஞ்சம் கறுப்பாக ஒட்டியிருந்தது. என்னிடம் வந்தார்கள். சத்தம் போடவில்லை சார். சத்தம் போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் நோட்டே இருக்கிறது.

"தம்பி, இது எங் கையில இருந்திருந்தா ஒரு வாரத்துத் தாளிப்புக்குப் போயிருக்கும்."

அவ்வளவுதான். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாசம் முத்துஜோதியைக் கூட்டிக்கொண்டு ஆமத்தூருக்குப் போய்விட்டார்கள். மற்றப் பாத்திரமெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். தூக்குவாளியை மட்டும் தேய்த்துக் கழுவி, அடுப்பு மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன், அது மட்டும் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். நான் செய்தது தப்பா? நல்ல எண்ணெய் வாங்கினது தப்பா? திரும்பக் காய்ச்சாதே என்றது தப்பா? கொட்டாமல் கொடுத்தது தப்பா? ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், ஒன்றிலும் தப்பு இல்லை. நான் பதினோரு மாசமாக எடுத்துப் பார்க்கிறேன். தனித்தனியாக எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

திருத்தங்கல் தாண்டிவிட்டோமா? சரி.

ஏன் இன்றைக்கு எண்ணெய் கொண்டுபோகிறேன் என்றால், செத்தவருக்காக இல்லை சார். அவருக்கு இனிமேல் எந்த எண்ணெயாய் இருந்தால் என்ன. மதினிக்குப் பிரஷர் இருக்கிறது. முத்துஜோதிக்கு இருபத்து மூணு வயசு, அப்பாவின் உடம்புவாகு அப்படியே. அந்த வீட்டில் இன்றைக்கும் ரேஷன் பாமாயில்தான் ஊற்றுவார்கள், பழைய மிச்சம் அடியில் இருக்கும், எனக்குத் தெரியாதா? உயிரோடு இருக்கிற இரண்டு பேருக்காகத்தான் இந்தக் கேன். இதை மதினியிடம் விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வாசலில் வைத்தே சொல்லிவிடலாம். இரண்டாவது எண்ணெய் நோட்டையும் பையில் வைத்திருக்கிறேன்.

புரிந்துகொள்ள மாட்டார்களா?

ம்.

நீங்கள் என்ன, வடையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது போல. ஆறிப்போயிருக்கும்.

வீட்டில் நான் தனியாகத்தான் பொங்கிக்கொள்கிறேன். சோறு, ரசம், ஏதாவது ஒரு காய். எண்ணெய்ச்சட்டி வைக்கவே இல்லை. ஒத்தை ஆளுக்கு யார் சார் எண்ணெய்ச்சட்டி வைப்பார்கள்? மாசம் பிறந்தால் கால் மட்டும் செக்குக்குப் போய்விடுகிறது, வழக்கம் போல வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். அலமாரிக்கு அடியில் பத்துக் கேன் நிற்கிறது. மூடி திறக்காதது. ஒன்றில்கூட மிச்சம் வந்ததில்லை.

போன வாரம் ராமசுப்பு கடையைத் தாண்டிப் போனேன். அட்டை இன்னும் தொங்குகிறது. "எண்ணெய் இருக்காண்ணே?" என்று கேட்கிறார் மனுஷன். சாதாரணமாகக் கேட்கிறார். அண்ணன் உட்கார்ந்த பெஞ்சைப் பார்த்தேன். பாதி பெஞ்சில் வெயில் விழுந்திருந்தது. நாலு வருஷம் சாயங்காலம் சாயங்காலம் அதில் உட்கார்ந்து என் எண்ணெயைத்தான் தின்றிருக்கிறார். ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் அங்கேயும் தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயந்திருப்பார்.

வந்திருப்பேன்தான்.

கண்டக்டர்! ஆமத்தூர் வருகிறதா? அடுத்த ஸ்டாப்பா?

சார், ஒரு உதவி செய்யுங்கள். இந்தக் கேனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையில்லை, ஒன்றும் தர வேண்டாம். பையை மூடுங்கள், அட, மூடுங்கள் என்கிறேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் உங்களுக்கு? நாலு பேரா? நல்லது, நாலு பேர் இருந்தால்தான் எண்ணெய்ச்சட்டி வைக்கலாம்.

தோற்றுப்போனேன் என்று நினைக்காதீர்கள். கேன் கனம். ராத்திரியெல்லாம் நின்ற கால். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு கொஞ்சம் தூரம். அவ்வளவுதான் காரணம். அந்த இலையில் மதினியின் தம்பி உட்காருவதை என்னால் பார்க்க முடியாது, அதுவும் ஒரு காரணம். பாமாயிலோ, பழைய மிச்சமோ, எத்தனை வடை வைத்தாலும் ஒன்று விடாமல் தின்பேன். அமுக்காமல் தின்பேன். தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு, அப்புறம் பேசிக்கொள்கிறேன் என் நியாயத்தை. நியாயம் எங்கேயும் ஓடிப்போகாது.

கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். புகைய விடாதீர்கள். ரொம்ப ஆறவும் விடாதீர்கள், வடை எண்ணெய் குடித்துவிடும். துளி மாவைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள், உடனே மேலே வந்தால் சரி, அதுவே போதும். ஒரு தடவைதான் பொரிக்க வேண்டும். மிஞ்சினதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே வைத்துத் தாளித்துத் தீர்த்துவிடச் சொல்லுங்கள்.

இருங்கப்பா, விசில் கொடுக்காதீர்கள், இறங்குகிறேன்!

அதோ நிற்கிறாள் பாருங்கள், பச்சைச் சுடிதார், அவள்தான் முத்துஜோதி. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்க்கிறாள். பார்க்கட்டும். இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டே இறங்குகிறேன்.

என்ன சார், என் சட்டைப் பையைப் பார்க்கிறீர்கள்? இதுவா? தெர்மாமீட்டர்தான். இது வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.